ஏத்து

கிளைட்டன் ஒருத்தனை அடித்தால் முதல் அடி மூக்கில்தான். மூக்கில் வாங்கியவனுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிவிடும், அடுத்த அடி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்க முடியாது. இதை அவன் ஒரு தொழில் நுணுக்கம் மாதிரி எல்லோருக்கும் விளக்கிச் சொல்வான். போன வருஷக் கடைசியில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஷட்டரைத் தட்டி, "சத்தத்தக் கொறைங்கலே, காது கிழியுது" என்று கேட்ட லாரி டிரைவருக்கு அப்படித்தான் விழுந்தது. அந்த மனிதர் ரத்தத்தை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டே போய்த் தன் லாரியின் நிழலில் உட்கார்ந்தார். உள்ளே இருந்த நூற்றைம்பது பேருக்கு எதுவும் தெரியாது. இசக்கிச்செல்விக்குத் தெரியும். பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே திரும்பி வந்து அவளும் ஆடினாள்.

ஆட்டம் என்பது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி வெயில் தாழும்போது முடிகிற விஷயம். இடம், தூத்துக்குடி துறைமுகச் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு குடோன். உடன்குடியிலிருந்து வரும் கருப்பட்டியை அங்கேதான் அடுக்கி வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கருப்பட்டிக்கு லீவு, எறும்புக்கு லீவு கிடையாது. ஆடி முடித்து வீட்டுக்குப் போனால் பாதத்தில் ஒட்டிய பாகைச் சுரண்டித்தான் கழுவ வேண்டும். ஷிப்பிங் ஆபீஸ் பையன்கள், பாலிடெக்னிக் மாணவர்கள், நர்சிங் படிக்கிற பெண்கள், வேம்பார் பஸ்ஸைப் பிடித்து வரும் உப்பளத்துப் பிள்ளைகள் என்று ஒரு கூட்டம். போஸ்டர் கிடையாது. ஒருத்தர் சொல்லி ஒருத்தர் வருவார்கள்.

அங்கே போடுவதைப் பாட்டு என்று சொல்ல முடியாது. சொன்னால் பாடுகிறவர் யார் என்று கேட்பார்கள், அப்படி யாரும் இல்லை. கம்ப்யூட்டரில் கட்டிய தாள அடி, அதற்கு மேல் துறைமுகத்தில் பிடித்த சத்தங்கள். கன்டெய்னர் கீழே விழுகிற சத்தம், கிரேன் சங்கிலி, படகு எஞ்சின், ஐஸ் உடைக்கிற மிஷின். இதெல்லாம் ஒரு இசையா என்று முகத்தைச் சுளிக்கிறவர்கள் ஒரே ஒரு ஞாயிறு வந்து கிளைட்டன் செய்த ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் நெஞ்சைக் காட்டி நிற்கட்டும். பிறகு பேசலாம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தக் கரையில் இப்படிச் செய்கிற ஆறேழு பேரின் வேலையைத் தொகுத்து இணையத்தில் விட்டவன் அம்ஜத். காயல்பட்டினத்துக்காரன். துபாயில் சவுண்ட் இன்ஜினியராக இருந்துவிட்டு வந்து, மட்டக்கடைப் பக்கம் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து உட்கார்ந்திருந்தான். எல்லோருக்கும் அவன் காக்கா, காயல்பட்டினத்துப் பேச்சில் அண்ணன். தொகுப்புக்கு 'சரக்கு' என்று பெயர் வைத்தான். கப்பலில் ஏறுகிற சரக்கைத்தான் நினைத்து வைத்தான், ஊர் வேறு சரக்கை நினைத்தது. "காக்கா, சரக்கு ரெண்டு எப்ப வரும்?" என்று மூன்று வருஷமாக அவனுக்கு வந்த செய்திகளைப் பார்த்து அவன் வாப்பா ஒருநாள் செல்போனைப் பிடுங்கித் தண்ணீர் வாளியில் போட்டார்.

'சரக்கு 2' மூன்று தடவை தேதி குறித்து மூன்று தடவையும் தள்ளிப்போனது. இந்தத் தடவை உறுதி. ஞாயிறு மாலை நாலு மணி. எல்லாம் ஏற்றி வைத்தாயிற்று, நேரம் வந்ததும் தானாக வெளியாகிவிடும். அதே நேரத்தில் குடோனில் ஆட்டம். தொகுப்பில் முதலாவதாக நிற்பது இசக்கிச்செல்வி செய்தது. பெயர் 'ஏத்து'.

அவளுக்கு இருபத்தாறு வயது. ஏரல் பக்கம் நெல்லும் வாழையும் விளைகிற ஊரில் பிறந்தவள். கன்டெய்னர் யார்டு கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பரும் சீல் நம்பரும் எழுதுகிற வேலை, அதனால் கன்டெய்னரின் நீளத்தை வைத்து ஆட்டத்தில் அவளுக்கு 'நாப்பதடி' என்று பெயர். திரேஸ்புரத்தில் மொட்டைமாடி அறையில் குடியிருந்தாள். பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு வயர்லெஸ் பெட்டி அவளிடம் இருந்தது. கடலுக்குப் போன படகுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதை அது பிடிக்கும். காலையில் வேலைக்குக் கிளம்பும்வரை அதை ஓடவிட்டுப் பதிவு செய்து வைப்பாள். ஏச்சு, கேலி, மீன் விலை, தூக்கக் கலக்கத்தில் யாரோ பாடுவது. ஒரு பதிவில் 'ஏத்து' என்று ஒரு குரல் கிடைத்தது. பதிவுகளை அங்கங்கே தொட்டுக் கேட்டுத் துண்டு எடுப்பாளே தவிர முன்பின் கேட்பதில்லை, அந்த ஒரு வார்த்தையை மட்டும் வெட்டி எடுத்தாள். வேகத்தை நன்றாகக் குறைத்தாள். வேகம் குறைந்தால் குரல் தடிக்கும். பீடி குடித்துக் கரகரத்துப்போன ஆம்பளைக் குரலாக அது மாறியது. பின்னணியில் 'கடல்ராணி, கடல்ராணி' என்று யாரோ ஒரு படகைக் கூப்பிடுவதை மங்கலாக ஓடவிட்டாள். அடி ஏற ஏற அந்தத் தடித்த குரல் ஏத்து, ஏத்து என்று விழுந்துகொண்டே இருக்கும். துறைமுகத்தில் நாள் முழுக்கக் காதில் விழுகிற வார்த்தை. ஆட்டத்தில் சத்தத்தைக் கூட்டச் சொல்லிப் பிள்ளைகள் கத்துவதும் அதுதான். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை மத்தியானம் கிளைட்டன் அம்ஜத்தின் அறைக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு ஸ்பீக்கரை எப்படி வைக்க வேண்டும் என்று பார்ப்பதற்காக முதலிலிருந்து போட்டுக் காட்டினார்கள். 'ஏத்து' ஒரு நிமிஷம்கூட ஓடியிருக்காது.

"ஏளா, நிறுத்து இத" என்றான்.

அம்ஜத் நிறுத்தினான்.

"இது என்னைக்கு எடுத்தது?"

இசக்கிச்செல்வி மடிக்கணினியில் பெயரைப் பார்த்தாள். எந்தத் துண்டை எந்த நாள் பதிவிலிருந்து வெட்டினாள் என்று தேதி போட்டு வைக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. "போன வருஷம் பிப்ரவரி பதினொண்ணு. ஏன்?"

கிளைட்டன் தருவைகுளம் என்ற மீன்பிடி ஊர்க்காரன். அவன் தம்பி அமலன் போன வருஷம் பிப்ரவரியில் செத்துப்போனான் என்று அவளுக்குத் தெரியும், தேதியும் மோதிய படகின் பெயரும் தெரியாது. அதே பதினொன்றாம் தேதி விடியற்காலைப் பனியில் ஃபைபர் வள்ளத்தில் தனியாகக் கிடந்தவன் மேல் 'கடல்ராணி' என்ற விசைப்படகு ஏறியது. மூன்றாம் நாள் உடம்பு கரைக்கு வந்தபோது நெஞ்சைப் படகுக்கு அடியில் சுழலும் விசிறி பிளந்திருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால் வலை அறுந்த தகராறில், 'கடல்ராணி' டிரைவர் ததேயு மீன்கூடத்தில் அத்தனை பேர் முன்னால் கத்தியிருந்தார்: குறுக்க வந்தீகன்னா ஏத்திட்டுப் போய்க்கிட்டே இருப்பேன். போலீஸ் விபத்து என்று எழுதி மூடியது. ஊர் நம்பவில்லை, கிளைட்டன் ஒருநாளும் நம்பவில்லை.

"அவன் கொரல்லா இது" என்றான் கிளைட்டன். "ததேயு கொரல்லா. ஏத்துன்னு சொல்லுதான் பாரு. எந்தம்பி மேல ஏத்துன்னு சொல்லுதான்." எழுந்து தான் செய்த ஸ்பீக்கர் பெட்டியையே ஓங்கிக் குத்தினான். பலகை உடையவில்லை, விரல் முட்டி உடைந்தது. அந்தக் கையாலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "முழு ரெக்கார்டிங்கு எங்க?"

அவள் சொல்ல வேண்டியிருந்தது இரண்டே விஷயம். அது பேசியவனின் சொந்தக் குரலே இல்லை, நான் வேகத்தைக் குறைத்துத் தடிக்க வைத்தது என்று ஒன்று. முழுப் பதிவும் வீட்டில் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, வா கேட்கலாம் என்று இன்னொன்று. வாய் வரைக்கும் வந்தது. முழுப் பதிவைக் கொடுத்தால் அது போலீசுக்குப் போகும், போலீஸ் தொகுப்பை நிறுத்தும். மூன்று வருஷமாகத் தள்ளிப்போனது நாலாவது தடவையும் தள்ளிப்போகும், ஒருவேளை வராமலே போகும். அவள் வாழ்க்கையில் கன்டெய்னர் நம்பரைத் தவிர வேறு எதிலும் அவள் கையெழுத்து இருந்ததில்லை.

"அழிச்சிட்டேன்" என்றாள். "எடம் இல்லன்னு பழசு எல்லாத்தையும் அழிச்சிட்டேன். இந்தத் துண்டு மட்டுந்தான் இருக்கு."

அம்ஜத் அவளைப் பார்த்தான். "சத்தியமா?"

"சத்தியமா, காக்கா."

கிளைட்டன் கையை விட்டான். அவன் ரத்தம் அவள் வளையலில் ஒட்டியிருந்தது. "சரி. இதே போதும்" என்றான். "ஞாயித்துக்கெழம இதயே போடு. ஊரே கேக்கட்டும்."

வியாழக்கிழமை காலையில் 'ஏத்து'வின் முப்பது விநாடியை மட்டும் முன்னோட்டமாக அம்ஜத் வெளியே விட்டான். எல்லாத் தொகுப்புக்கும் செய்வதுதான். கிளைட்டன் அதைத் தருவைகுளத்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு, அமலனைக் கொன்றவன் குரல் என்று எழுதினான். மத்தியானத்துக்குள் கரை முழுக்க அது ஓடியது. டீக்கடையில் போட்டார்கள், பஸ்ஸில் போட்டார்கள். மீன் ஏலக் கூடத்தில் ததேயு வந்தபோது பத்துப் பேர் ஒரே நேரத்தில் செல்போனில் போட்டுக் காட்டினார்கள். அவர் திரும்பிப் போகும்போது ஐஸ் பெட்டிக் கட்டை ஒன்று பறந்து வந்து பின்மண்டையில் விழுந்தது. அவருடைய மோட்டார் சைக்கிளைப் படகுத்துறையிலிருந்து தண்ணீரில் தள்ளினார்கள்.

இசக்கிச்செல்வி கேட்டில் உட்கார்ந்து எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக முந்நூறு பேர் கேட்டால் அம்ஜத் பிரியாணி வாங்கித் தருவான். இது சாயங்காலத்துக்குள் இருபதாயிரத்தைத் தாண்டியது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் யார் யாரோ எழுதினார்கள். கொலைகார ட்ராக் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்னும் மூணு நாளா, இப்பவே விடுங்க என்று கெஞ்சினார்கள். அவள் இரண்டு வண்டிக்கு சீல் நம்பரை மாற்றி எழுதிச் சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கினாள். ஏச்சு உறைக்கவில்லை. சந்தோஷமாக இருந்தாள். ஒரு மனிதனின் மண்டை உடைந்த செய்தியும் அதே செல்போனில்தான் வந்தது, அதற்குப் பிறகும் சந்தோஷமாகவே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது மாடிப்படியில் ததேயு உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தலையைச் சுற்றி வெள்ளைத் துணிக்கட்டு, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து கைலியை இறக்கிவிட்டார்.

"நீதான அந்தப் பாட்டு போட்ட பிள்ள?"

"என்ன வேணும் அண்ணாச்சி?"

"அது எங்கொரல் இல்ல தாயி." குரல் உண்மையிலேயே கரகரத்துத் தடித்துத்தான் இருந்தது. "நாஞ் சொன்னா யாரு நம்புவா? மீன்கூடத்துல வாய விட்டவன் நாந்தான், இல்லங்கல. கோவத்துல சொன்னது. ஆனா அன்னைக்கு நான் அப்படிச் சொல்லவே இல்ல. ஒங்கிட்ட முழுசும் இருக்குமுல்லா? அதப் போட்டுக் காட்டு, எல்லாம் வெளங்கிரும். எம்மவளக் காலேஜ்ல வச்சு ஏத்து ஏத்துன்னு கத்துதானுவ. இன்னைக்கு வீட்ட விட்டே வெளிய வரல."

ஹார்ட் டிஸ்க், அவர்கள் நின்ற இடத்திலிருந்து பத்துப் படி மேலே, தலையணைக்கடியில் இருந்தது.

"அழிஞ்சு போச்சு அண்ணாச்சி" என்றாள். "எங்கிட்ட இல்ல."

அவர் அவளைத் திட்டவில்லை. "தேடிப் பாரு தாயி. ஞாயித்துக்கெழமைக்குள்ள தேடிப் பாரு" என்று சொல்லி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அவள் தேடவில்லை. தேட வேண்டியதே இல்லையே, எங்கே இருக்கிறது என்றுதான் தெரியுமே. கேட்டுப் பார்க்க மட்டும் அவள் துணியவில்லை. கேட்டால் ஏதாவது செய்ய வேண்டி வரும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி கழியட்டும், திங்கட்கிழமை கேட்கலாம், அதன் பிறகு யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நல்ல சமாதானம்தான். அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிடும் என்பது மட்டும்தான் அதில் குறை.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் 'கடல்ராணி'யில் வேலை பார்க்கிற நாலு பேர் இரும்புக் கம்பியோடு அம்ஜத்தின் அறைக்குப் போனார்கள். எங்கள் டிரைவருக்கு எதிரான பாட்டைப் போட்டிருக்கிறாய், முழுப் பதிவையும் எடு என்றார்கள். இல்லை என்றான் அம்ஜத். முதலில் கம்ப்யூட்டரை உடைத்தார்கள். பிறகு கீபோர்டை. பிறகு அவன் வலது கையை மேஜை மேல் நீட்டி வைத்து, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் அடித்தார்கள். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தவனைப் பார்க்கப் போனாள். அவன் உம்மா பக்கத்தில் உட்கார்ந்து யாரையென்றில்லாமல் ஏசிக்கொண்டிருந்தார்.

"முழுசு எங்கிட்ட இல்லன்னு அடிச்சுச் சொன்னேன், செல்வி" என்றான் அம்ஜத். உதடு வெடித்திருந்ததால் வார்த்தை கோணலாக வந்தது. "அவனுவ நம்பல. இருந்தாக் குடுத்துட்டுப் போயிருப்பேன். இல்லாதத எங்கன இருந்து குடுக்க?" பிறகு அந்த நிலையிலும் சிரிக்கப் பார்த்தான். "கவலப்படாத. எல்லாம் ஏத்தி வச்சாச்சு. நாளைக்கு நாலு மணிக்கு சரக்கு வந்துரும்."

அவளுக்கு அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்துவிட்டாள். அவன் கை முறிந்ததற்கு யார் காரணம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியும் அன்றைக்கு அந்த டிஸ்க்கை எடுக்கவில்லை. வெட்கக்கேடு என்று சொன்னால் அது சின்ன வார்த்தை.

ஞாயிறு பிற்பகல் இரண்டரை மணிக்குத்தான் தலையணையைத் தூக்கினாள். ஆட்டத்துக்குப் போட்டுக்கொள்ள எடுத்து வைத்த கறுப்புச் சட்டை கட்டிலில் கிடந்தது. டிஸ்க்கைச் சொருகி, பிப்ரவரி பதினொன்றைத் தேடி, காதில் ஹெட்போனை மாட்டினாள். காலை ஆறரை மணி வருகிற இடம் வரைக்கும் தள்ளித் தள்ளி ஓட்டினாள்: வெறும் இரைச்சல், யாரோ கொட்டாவி விடுவது, சாளை மீன் விலை. பிறகு அந்தக் கரகரப்பான குரல் வந்தது. ததேயுவின் குரல்.

"முன்னால கெடக்க வள்ளம் யாருது? வெலகு! வெலகுலே! பனில ஒண்ணுந் தெரியல!"

அதற்குப் பதிலாக ஒரு இளவட்டக் குரல், மெல்லிசாக, மூச்சு வாங்கிக்கொண்டு.

"கடல்ராணி, கடல்ராணி! அண்ணாச்சி, வலை ஃபேன்ல சுத்திட்டு. எஞ்சின ஏத்துதேன். ஏத்துதேன், ஏத்துதேன், நீங்க திருப்புங்க..."

"ரிவேர்ஸ் எடுக்கேன், நிக்க மாட்டேங்குலே! குதி! பயலே, குதிலே!"

அப்புறம் எதுவோ முறிகிற சத்தம். அப்புறம் ததேயு 'மாதாவே, மாதாவே' என்று கதறுவது மட்டும்.

இசக்கிச்செல்வி அதைத் திரும்பப் போட்டாள். திரேஸ்புரத்தில் இரண்டு வருஷம் இருந்தவளுக்கு அந்த அளவுக்குக் கடல் தெரியும். வள்ளத்தின் பின்னால் தொங்குகிற எஞ்சினின் விசிறியில் வலை சுற்றிவிட்டால், எஞ்சினைத் தண்ணீருக்கு மேலே ஏற்றி வைத்துத்தான் வலையை அறுக்க முடியும். ஏற்றிவிட்டால் வள்ளம் நகராது. அமலன் அதைத்தான் சொன்னான். ஏத்துதேன். எஞ்சினை ஏற்றுகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று. அந்த வார்த்தையில்தான் அவள் கத்தரியை வைத்திருந்தாள். 'தேன்' அடியோடு சரியாகச் சேரவில்லை என்று வெட்டி எறிந்திருந்தாள். சாகப்போகிற ஒரு பையன் தன்னைப் பற்றிச் சொன்னதை, இன்னொருவன் போட்ட உத்தரவாக மாற்றிவிட்டாள். அதைத் தடிக்க வைத்து ஆளையும் மாற்றிவிட்டாள்.

கிளைட்டனுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. பதினோரு தடவை செய்தாள். பதிவை செல்போனுக்கு மாற்றிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி, கிடைத்த ஆட்டோவில் ஏறினாள்.

குடோனுக்கு வெளியே ஒரு லோடு ஆட்டோ நின்றது. ஷட்டர் இடுப்பளவுக்கு இறக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனபோது அவளுடைய 'ஏத்து'தான் ஓடிக்கொண்டிருந்தது. எப்போதும் வருவதைப்போல இரண்டு மடங்குக் கூட்டம். வேர்வையும் கருப்பட்டியும் கலந்த நாற்றம். நாலு ஸ்பீக்கர் அடுக்குக்கும் நடுவில் ஒரு வட்டம் காலியாக இருந்தது, அந்த வட்டத்துக்குள் ததேயு முழங்காலில் நின்றார். வெளியே நின்ற லோடு ஆட்டோவில் அவரைத் தூக்கி வந்து, கையைப் பின்னால் வளைத்து ஸ்பீக்கர் வயரால் கட்டியிருந்தார்கள். மூக்கு முகத்தோடு சேர்ந்து போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை நெஞ்சு வரைக்கும் சிவப்பு. கிளைட்டன் ஸ்பீக்கர் ஸ்டாண்டின் இரும்புக் குழாயைக் கையில் வைத்திருந்தான்.

அவன் தாளத்துக்கு அடித்தான். தடித்த குரல் 'ஏத்து' என்று விழுகிறபோதெல்லாம் ஓர் அடி. தோளில், விலாவில், முதுகில். தருவைகுளத்திலிருந்து வந்த இருபது பேருக்கு நடப்பது என்னவென்று தெரியும், அவர்கள் கத்தினார்கள். பின்னால் நின்றவர்களுக்கு வட்டத்துக்குள் நடப்பது தெரியாது. சத்தத்தைக் கூட்டச் சொல்லி எப்போதும் போல அவர்களும் கத்தினார்கள். "ஏத்து! ஏத்து! ஏத்து!" பார்க்கக்கூடிய தூரத்தில் நின்றவர்களில் சிலர் இது ஒரு நாடகம் என்று நினைத்தார்கள், மற்றவர்கள் அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினார்கள். ஒருத்தன் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"கிளைட்டா!" என்று அவள் கத்தியது அவள் காதிலேயே விழவில்லை. அவள் செய்த அடி அவள் குரலைத் தின்றது. கூட்டத்தை முழங்கையால் குத்திக்கொண்டு போனாள். யாரோ அவள் முடியைப் பிடித்து இழுத்தார்கள், யாருடைய பல்லோ அவள் கையில் கிழித்தது. மேடைக்கு அவள் ஏறிய நேரத்தில் அடி உச்சத்துக்குப் போய் நின்றது. அந்த இடத்தில் ஒரு விநாடி வெறுமை வைத்திருந்தாள், பிறகு எல்லாம் சேர்ந்து விழும். அந்த ஒரு விநாடியில் கிளைட்டன் குழாயைத் தலைக்கு மேல் தூக்கினான். நூற்றுக்கணக்கான தொண்டைகள் 'ஏத்து' என்றன. குழாய் தலைக்கட்டின் மேல் இறங்கியது.

அவள் வயரைப் பிடுங்கினாள்.

சத்தம் நின்றதும் கூட்டம் ஊளையிட்டது. யாரோ காலிப் பாட்டிலை அவள் மேல் எறிந்தார்கள். செல்போனைச் சொருகி அமுக்கினாள்.

'முன்னால கெடக்க வள்ளம் யாருது? வெலகு! வெலகுலே!' கிளைட்டனின் பெட்டிகளில் அது அந்த மனிதர் பக்கத்தில் நின்று கத்துவது போலவே கேட்டது. அடுத்து அமலன் பேசினான். வேகம் குறைக்காத, தடிக்க வைக்காத, இருபத்திரண்டு வயதுக் குரல். 'எஞ்சின ஏத்துதேன். ஏத்துதேன், ஏத்துதேன், நீங்க திருப்புங்க...'

கிளைட்டன் அடுத்த அடிக்கு ஓங்கியிருந்தான். ஓங்கிய கை அப்படியே நின்றது. தம்பியின் குரலை அவனுக்கு யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. முறிகிற சத்தம் வரைக்கும், மாதாவே என்ற கதறல் வரைக்கும் அவன் அசையவில்லை. கூட்டம் ஒவ்வொருவராக வாயை மூடியது. நர்சிங் படிக்கிற ஒரு பெண் வட்டத்துக்குள் வந்து, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த ததேயுவின் கழுத்தில் விரலை வைத்தாள். இடத்தை மாற்றி மாற்றி வைத்தாள். பிறகு கையை எடுத்துத் தன் உடுப்பில் துடைத்தாள், அழத் தொடங்கினாள்.

அப்போது நாலு மணி ஆயிற்று. குடோன் முழுக்கச் சட்டைப்பையிலும் கைப்பையிலும் செல்போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மணியடித்தன. சரக்கு வந்துவிட்டது. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. ஷட்டரை நோக்கி நெருக்கிக்கொண்டு ஓடினார்கள், விழுந்தவர்களை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். ஐந்து நிமிஷத்தில் உள்ளே இருந்தது அந்தப் பெண்ணும் இவர்கள் இரண்டு பேரும் கிடந்தவரும்தான்.

"இன்னொருக்கப் போடு" என்றான் கிளைட்டன்.

போட்டாள். அவன் ஸ்பீக்கரோடு காதை ஒட்டிக்கொண்டு கேட்டான். ஒன்றரை வருஷமாகத் தம்பியின் குரலைக் கேட்காதவன். முடிந்ததும் குழாயை ஊன்றிக்கொண்டு அவளிடம் வந்தான்.

"அழிச்சிட்டேன்னு சொன்ன."

"அழிக்கல" என்றாள். "எங்கிட்டயேதான் இருந்துச்சு."

"அப்ப நீ கேட்டிருக்க."

"கேக்கல. இன்னைக்குத்தான் கேட்டேன்."

"ஏன் கேக்கல?"

பொய் சொல்ல இடம் இருந்தது. மறந்துட்டேன் என்று சொல்லியிருக்கலாம், பயந்துட்டேன் என்று சொல்லியிருக்கலாம். "கேட்டா நிறுத்த வேண்டி வரும்னு கேக்கல" என்றாள். "இன்னைக்கு வெளிய வரணும்னு இருந்துச்சு."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். விழ வேண்டும் என்றுகூட இருந்தது, விழுந்தால் கொஞ்சம் லேசாகும். அவன் அடிக்கவில்லை. அவள் வலது கையை எடுத்து விரித்து, குழாயை அதில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடக்கிவிட்டான். குழாய் சூடாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தது.

"பாதி ஒன்னோடதுளா" என்றான். "பிடிச்சுக்க."

அவன் போய் ததேயுவின் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் கட்டியிருந்த வயரை அவிழ்க்கத் தொடங்கினான். முட்டி உடைந்த விரலுக்கு முடிச்சு பிடிபடவில்லை. அவள் குழாயைக் கீழே போட்டிருக்கலாம். போடவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.